எலும்புவழி ஊசியை விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னையில் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் நான். ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டு, இரத்தம் வெகுவாக இழந்து வருபவருக்குக் கையில் ஊசி போட இடமே அகப்படாது. நாளங்கள் சுருங்கிப் போயிருக்கும். எலும்பு மஜ்ஜையின் நாளங்கள் அப்படிச் சுருங்குவதில்லை. எலும்பைத் துளைத்து அந்த மஜ்ஜைக்குள் இறங்குவதுதான் எலும்புவழி ஊசி. இரத்தமோ, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமோ, அவ்வழியே உடனே கொடுக்கலாம்.

கருவிகளை ஒப்பிடும்போது விலை மட்டும் போதாது. கையால் திருகும் ஊசி மலிவானது, குழந்தையின் மென்மையான எலும்பில் நன்றாக இறங்கும். பெரியவரின் கெட்டி எலும்பில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வில்விசையில் பாயும் கருவிக்கு பேட்டரி வேண்டாம், ஆனால் ஒரே முறைதான் பயன்படும். கை பிசகினால் அதுவும் வீண். மார்பெலும்புக்கான 'ஃபாஸ்ட்1' போர்க்களத்துக்குப் பொருந்தலாம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது அது இடைஞ்சல், சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. 'ஈஸி ஐஓ' போன்ற பேட்டரி டிரில்லில் ஊசி மட்டும்தான் ஒவ்வொருவருக்கும் புதிது. எங்கள் பிரிவுக்கு டிரில்தான் வேண்டும் என்பேன். பேட்டரி தீர்ந்தால் கைகொடுக்கத் திருகு ஊசியும் கூடவே இருக்கட்டும்.

ஆனால் என் கவலையெல்லாம் ஊசியின் நீளத்தைப் பற்றியது. 15, 25, 45 மி.மீ. என மூன்று அளவுகள் உண்டு. நாங்கள் வழக்கமாக ஊசி போடுவது முழங்காலுக்குக் கீழேதான், ஆனால் இருசக்கர வாகன விபத்தில் அங்கே எலும்பு முறிவது அன்றாடக் காட்சி. முறிந்த எலும்பில் ஊசி போட்டால் திரவம் தசைக்குள் கசிந்து கெண்டைக்கால் இறுகிவிடும், காலுக்கே ஆபத்து. இடுப்பெலும்பும் நொறுங்கியிருந்தால் மேற்கை எலும்புக்குத்தான் போக வேண்டும். பெரியவர்களின் தோள்மூட்டருகே 45 மி.மீ. ஊசி தேவை. டிரில்லையும் 25 மி.மீ. ஊசியையும் மட்டும் அனுப்பினால், இத்தகைய நோயாளி முன் நாங்கள் வெறுங்கையோடு நிற்போம்.

திரவப் பையைச் சுற்றி அழுத்தும் அழுத்தப் பையும் அதே கொள்முதலில் வரவேண்டும். 300 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுக்காமல் மஜ்ஜைக்குள் திரவம் வேகமாகப் போகாது. நினைவோடு இருப்பவருக்கு ஊசி இறங்கும் வலியைவிடத் திரவம் பாயும் வலி கொடுமையானது. கெடாமல் காக்கும் பதப்பொருள் சேராத லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து இல்லாமல் அதைத் தொடங்க எனக்கு மனம் வராது.

ஒரே எலும்பில் அடுத்த ஊசியைப் போடக் குறைந்தது 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால், முதல் முயற்சியே சரியாக அமைவது முக்கியம். ஆகவே விலையை முடிவு செய்யுமுன், இரவுப்பணிச் செவிலியர்களையும் 108 வாகன மருத்துவ உதவியாளர்களையும் அழைத்து, கையுறையோடு மாதிரி எலும்பில் ஒவ்வொரு கருவியையும் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாகனத்திலும் மருத்துவமனையிலும் அதே கருவி இருக்கட்டும்.

இப்படிக்கு,
விபத்துப் பிரிவுச் செவிலியர் ஒருவர், சென்னை