விலக்கு கொடுங்கள், பதிவேட்டை மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபணுத் திருத்தம் செய்த, அதாவது டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மாற்றம் செய்த, பயிருக்கும் விலங்குக்கும் பழைய மரபணு மாற்றச் சட்டங்கள் தேவையில்லை என்று நாட்டுக்கு நாடு முடிவெடுத்துக்கொண்டிருக்கும் நேரம் இது. அந்த முடிவு தவறு என்று சொல்ல வரவில்லை. அதில் இருக்கிற ஒரு ஓட்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன்: விலக்கு பெற்றவற்றில் என்ன மாற்றினார்கள் என்று யாரும் பார்க்கும்படி எழுதி வைக்காமல் விடுவது.

2016-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று கொம்பு முளைக்காத கறவை இனக் கன்றுகளை உருவாக்கியதாக அறிவித்தது. கொம்பைச் சுட்டு எடுக்கும் வேதனை மாட்டுக்கு இனி இல்லை, வேறொரு மாட்டினத்தில் இயல்பாகவே இருக்கும் மாற்றத்தைத்தான் இதில் கொண்டுவந்திருக்கிறோம், அதைத் தவிர எதுவும் மாறவில்லை என்றார்கள். நல்ல நோக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் அந்தக் கன்றுகளின் மரபணு வரிசையை (டிஎன்ஏ எழுத்துகள் அமைந்திருக்கும் வரிசையை) மறுபடி அலசியபோது, திருத்தம் செய்யும்போது கருவியாகப் பயன்பட்ட பாக்டீரியா டிஎன்ஏ, ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத தன்மை தரும் மரபணுக்களோடு, மாட்டின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நிறுவனம் வேண்டுமென்றே மறைத்தது என்று நான் சொல்லவில்லை. இப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் தேடவில்லை. இந்த மாடுகளைப் பிரேசிலில் வளர்க்கும் திட்டம் அப்புறம் கைவிடப்பட்டது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த வரிசைத் தகவல் வெளியார் பார்க்கும்படி இருந்தது, அதனால்தான் பிழை கண்ணில் பட்டது. இல்லாவிட்டால்?

இதற்கு மறு வருடம், 2020-இல், அமெரிக்க வேளாண் துறை ஒரு புதிய விதி கொண்டுவந்தது. தன் பயிர் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறத் தகுதியானதா என்பதை அதை உருவாக்கியவரே தீர்மானித்துக்கொள்ளலாம், அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. உறுதிக் கடிதம் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த விதியை 2024 டிசம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் அதே சிந்தனை மற்ற இடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பதிவேடு எதற்கு, பின்னாடி பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வெளியிலிருந்து ஒரு மரபணுவைக் கொண்டுவந்து நுழைத்த பயிரை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடலாம், நுழைத்த துண்டே அடையாளம். ஆனால் ஒன்றிரண்டு டிஎன்ஏ எழுத்துகளை மட்டும் மாற்றிய விதையைக் கையில் கொடுத்து, இது திருத்தியதா தானாக மாறியதா என்று கேட்டால், முன்தகவல் இல்லாமல் எந்த ஆய்வுக்கூடமும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஆக, விதை வெளியே போவதற்கு முன்பு எழுதி வைத்தால்தான் உண்டு. போன பிறகு எழுத வழியில்லை.

2000-இல் அமெரிக்காவில் நடந்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்ற மக்காச்சோள விவகாரம் பலருக்கு நினைவிருக்கலாம். கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற சோளம் மனிதர் சாப்பிடும் பண்டங்களில் கலந்துவிட்டது. நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதனால் ஒவ்வாமை வந்தது என்று பின்னர் நடந்த ஆய்வில் உறுதிப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தப் பொருட்களைத் தேடி எடுக்க முடிந்ததே, தேட ஓர் அடையாளம் இருந்ததால்தான்.

கட்டுப்பாடு என்றாலே வருடக்கணக்கில் இழுக்கும், சிறிய ஆய்வு நிறுவனங்கள் செத்துப்போகும் என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மையும்கூட. பெரிய நிறுவனங்களால்தான் பத்து வருடம் காத்திருக்க முடியும். சட்டத்தில் முரண்பாடுகளும் இருக்கத்தான் செய்கின்றன. கதிர்வீச்சில் விதையைக் காட்டி, எங்கே என்ன மாறியது என்றே தெரியாமல் உருவாக்கிய ரகங்களுக்கு ஐரோப்பா பல காலமாக இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் குறிபார்த்துத் திருத்திய பயிர் முழுச் சட்டத்துக்கும் உட்பட்டது என்று 2018 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மாற்ற வேண்டும் என்று விஞ்ஞானிகள் கேட்டது நியாயமே.

ஆனால் விலக்கு ஒன்று, மறைப்பு வேறொன்று. அர்ஜென்டினா 2015-லேயே இதற்கு ஒரு வழி கண்டது: உருவாக்குபவர் முதலில் வந்து விவரம் கொடுக்க வேண்டும், அரசுக் குழு 60 நாளில் பதில் சொல்ல வேண்டும், வெளி மரபணு இல்லையென்றால் சாதாரணப் பயிராகப் போகலாம். இங்கிலாந்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் வைத்த முன்மொழிவும், 20 மாற்றம் வரை உள்ள பயிர்களுக்குச் சலுகை கொடுத்தாலும், அவற்றைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கவும் விதைப் பையில் குறிப்பிடவும் சொன்னது. எனக்கு முழுத் திருப்தி இல்லை, உணவுப் பொருளின் உறையில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பதிவு செய்வதால் வேலை தேங்கிவிடாது என்பதற்கு இவையே சாட்சி.

இந்தியா 2022 மார்ச்சில் வெளி மரபணு இல்லாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் தன் 1989 விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்கு தந்தது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. வெளி மரபணு எதுவும் மிஞ்சவில்லை என்பதை அந்தந்த நிறுவனத்தில் அமைந்த உயிரிப் பாதுகாப்புக் குழுதான் முதலில் பார்க்கிறது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொம்பில்லாத கன்றை உருவாக்கியவர்களும் நேர்மையானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் நான் கேட்பது இவ்வளவுதான். விலக்கு பெற்ற ஒவ்வொரு ரகத்துக்கும் அதன் பெயர், எந்த மரபணுவில் என்ன மாற்றினார்கள், திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த முழு மரபணு வரிசை, இவை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கிற மாதிரி இணையத்தில் இருக்க வேண்டும், அதுவும் விதை விற்பனைக்கு வருவதற்கு முன்பே. வணிக ரகசியம் என்பார்கள். செய்முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், மண்ணில் போய் முளைக்கப்போகிற விதைக்குள் என்ன இருக்கிறது என்பது ரகசியம் ஆகாது. வேலையை ஒழுங்காகச் செய்த எந்த நிறுவனத்தின் கோப்பிலும் இந்த விவரங்கள் ஏற்கெனவே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்