பெடல் ஸ்டீல் வாங்கப் போகும் என் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு பெடல் ஸ்டீல் கிட்டார் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிற புதுக் கருவி. ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி. மற்றது 1970-களில் ஷோ-பட் கம்பெனி செய்த பழைய இரட்டைக் கழுத்துக் கருவி. புதிதா பழையதா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, ஒரு ஆள் தனியாகத் தூக்குகிற மாதிரி எது இருக்கும் என்றும் கேட்டிருக்கிறாய். முதல் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். மனதில் நிற்பது இரண்டாவது கேள்வி.

சரி, முதலில் கருவிக்கு வருகிறேன்.

கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்தினால் எல்லாத் தந்தியும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஹவாயில் பிறந்த ஸ்டீல் கிட்டாரும் அப்படித்தான் இருந்தது. 1954-இல் வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்கிற ஸ்டீல் கலைஞர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஒரு சுரம் அப்படியே நிற்க, பக்கத்துச் சுரம் மட்டும் வழுக்கி மேலே போனது. அதற்குப் பிறகு ஸ்டீல் வாசிக்கிறவர்கள் பலர் தங்கள் கருவியிலும் பெடல் பொருத்தப் பாடுபட்டார்கள். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ முதல் வீடியோ அனுப்பியதிலிருந்து நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வாசிப்பதைக் கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அதை உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று வேறு சொன்னாள். நான் எழுதிவிட்டேன்.

வாழ்நாள் முழுக்க மெஷினோடு இருந்தவன் என்பதால் எனக்கு இந்தக் கருவியின் அடிப்பக்கம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பெடலிலிருந்து ஒரு ராடு மேலே போகிறது. அது ஒரு ஷாஃப்டைத் திருப்புகிறது. ஷாஃப்டில் இருக்கும் பெல் கிராங்க் என்கிற சின்னக் கை இன்னொரு ராடை இழுக்கிறது. அந்த ராடு, தந்தியின் முனையைப் பிடித்திருக்கிற சேஞ்சரில் இருக்கும் உலோக விரலை அசைக்கிறது, தந்தி இறுகுகிறது அல்லது தளர்கிறது. இ-9 என்கிற சுருதி முறையில் ஏ என்று பேர் வைத்த பெடலை மிதித்தால் ஐந்தாவது தந்தியும் பத்தாவது தந்தியும் பி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்குப் போக வேண்டும். பி பெடலுக்கு மூன்றும் ஆறும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்குப் போக வேண்டும். காலை எடுத்ததும் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். இந்தத் திரும்பி வருகிற விஷயம்தான் எல்லாம். புதிதோ பழையதோ, ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்.

புதிதில் என்ன நன்மை என்றால், யாரோ உபயோகித்த தேய்மானம் இருக்காது. செய்தவரிடமே கேட்கலாம், பழுது வந்தால் அவரே பார்ப்பார். முழங்கால் லீவர் எங்கே வர வேண்டும் என்று உன் காலுக்கு ஏற்றபடி சொல்லிச் செய்துகொள்ளலாம். நீ உயரம். யாரோ ஒருவருடைய காலுக்கு வைத்த லீவரில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் இடுப்புதான் போகும், பழைய வலி வேறு உனக்கு இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்வதில்லை. சின்னப் பட்டறைகளில் சில பேர் கையால் செய்கிறார்கள். பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது வந்து சேரும்போது எந்த விலாசத்துக்கு வரச் சொல்வாய்? இப்போது இருக்கிற வீடுதானா? ஆர்டர் படிவத்தில் கேட்பார்கள், அதற்காகத்தான் நானும் கேட்கிறேன்.

இனி அந்த ஷோ-பட். பேர் பெரிய பேர்தான். ஷாட் ஜாக்சனும் படி எம்மன்ஸும் ஐம்பதுகளில் நாஷ்வில்லில் தொடங்கியது. மரமும் அழகாக இருக்கிறது, அந்த மேப்பிள் கோடுகளைப் பார்த்தால் எனக்கே ஆசை வருகிறது. ஆனால் எண்பதுகளிலேயே உற்பத்தி நின்றுவிட்டது. சில மாடல்களில் மலிவான வார்ப்பு உலோகத்தில் பாகங்கள் உண்டு, வயதானால் விரிசல் விடும். மாற்றுப் பாகம் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீ சொல்கிறாய். இருக்கட்டும். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே. அப்புறம் இரட்டைக் கழுத்து என்றால் இ-9 சுருதிக்கு ஒன்று, சி-6 சுருதிக்கு ஒன்று. சி-6 நீ இன்னும் தொடங்கவே இல்லை. தொடாத கழுத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்? பெட்டியோடு முப்பது கிலோவுக்குக் குறையாது.

போன வருடம் நீ இரட்டைக் கழுத்துதான் வேண்டும், அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னாய். கனமாயிற்றே என்று கேட்டேன். "ரெண்டு பேர் இருக்கோம்ப்பா" என்றாய். இப்போது தனியாகத் தூக்க முடியுமா என்று கேட்கிறாய். இந்த மாதத்தில் மட்டும் மூன்று போனிலும் எடையைப் பற்றித்தான் பேச்சு.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை.

என் யோசனை இது. இரண்டையும் விடு. பழையதாகவே வாங்கு, ஆனால் வேறு பழையது. ஒற்றைக் கழுத்து, இ-9, பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர், ஆல்-புல் மெக்கானிசம் (ஏற்றவும் இறக்கவும் ராடு இழுத்தே செய்கிற முறை), நல்ல பேர் உள்ளவர் கையில் செய்தது. வாசிக்கிறவரிடமிருந்து வாங்கு, பரணில் கிடந்ததை வாங்காதே. கார்ட்டர், முல்லன், ஜி.எஃப்.ஐ., எம்.எஸ்.ஏ. என்று நீ சொன்ன பேர்களில் எது நல்ல நிலையில் கிடைத்தாலும் சரி. பெட்டியோடு இருபது கிலோவை ஒட்டித்தான் வரும். நல்ல கருவியை நியாய விலைக்கு வாங்கினால், பிறகு விற்றாலும் பெரிதாக நஷ்டம் வராது. புதிதை வாங்கி மறு வருடம் விற்றால் பல நூறு டாலர் போகும். உனக்கு இப்போது கையில் பணம் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று கேட்காதே.

லீவர் குறைவான கருவி வேண்டவே வேண்டாம். பயில்கிறவர்களுக்கு என்று வந்த பழைய ஷோ-பட் மேவரிக் மாதிரியானவற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு முழங்கால் லீவர்தான். இ தந்தியை எஃப்-க்கு ஏற்ற ஒரு லீவர், இ ஃப்ளாட்டுக்கு இறக்க ஒரு லீவர், குறைந்தது இந்த இரண்டும் இல்லாமல் உன் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாதிப் பாடத்தை வாசிக்க முடியாது. ஃபென்டர் கம்பெனியின் பழைய 400 மாடல் வந்தாலும் வேண்டாம். எட்டுத் தந்தி, கேபிளில் இழுக்கிற முறை. அது வேறு கருவி. எம்மன்ஸ் கம்பெனியின் புஷ்-புல் (ராடு தள்ளியும் இழுத்தும் வேலை செய்கிற பழைய முறை) கருவியின் ஒலி எல்லாரும் மயங்குகிற ஒலிதான், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்வது தனி வித்தை, தெரிந்த ஆளை வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். பின்னாளில் பார்த்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது ட்யூனர் எடுத்துக்கொண்டு போ. தந்தி கழற்றி வைத்திருந்தால் வாங்காதே, தந்தி இழுப்பில் இருந்தால்தான் சேஞ்சரின் குணம் தெரியும். எல்லாத் தந்தியையும் சுருதி சேர்த்துவிட்டு ஏ பெடலை அழுத்து, மெதுவாக விடு. ஐந்தாவது தந்தி பழைய பி-க்கு வந்ததா பார். மறுபடி அழுத்தி, சட்டென்று விடு. இரண்டு தடவையும் ஒரே இடத்தில் முள் நிற்க வேண்டும். அப்புறம் இ தந்தியை மட்டும் தட்டிக்கொண்டு ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதி. பெடல் தொடாத அந்தத் தந்தியும் ஒரு துளி இறங்கும். எல்லாக் கருவியிலும் கொஞ்சம் உண்டு. காதுக்கே தெரிகிற அளவு இறங்கினால் எழுந்து வந்துவிடு. லீவர் ஒவ்வொன்றையும் முழங்காலால் தள்ளிப் பார், ஆட்டம் இருக்கிறதா, முக்கி முனகி நகர்கிறதா என்று பார்.

சேஞ்சர் விரலின் மேல் வளைவில், தந்தி படிகிற இடத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பார். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது தந்தி மெல்லியது, அதிகம் அறுவது அதுதான், அந்தப் பள்ளத்தில் இன்னும் சீக்கிரம் அறும். பிறகு, விற்கிறவரிடம் கேட்டுவிட்டுக் கருவியைப் புரட்டிக் காட்டச் சொல். ராடு முனையில் இருக்கும் நைலான் நட்டுகளில் மரை தேய்ந்திருக்கிறதா, ராடு ஏதாவது வளைந்திருக்கிறதா, துரு எங்கே இருக்கிறது என்று பார். பல வருடம் பெட்டிக்குள் கிடந்ததில் எண்ணெய் ஆறிய வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கும். அது சாகிற வியாதி இல்லை. லைட்டர் திரவம் போட்டுக் கழுவி, மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் பாதிக் கருவிகள் உயிர் பெற்றுவிடும். கண்ட ஸ்ப்ரேயை எல்லாம் அடிக்கக் கூடாது. புரட்டிய படத்தை எனக்கு அனுப்பு, வெளிச்சமாக எடு. எது எந்த ராடு என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

இதில் புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், தனியாகப் போகாதே. முன்பின் தெரியாதவர் வீடு, நான்கு மணி நேரக் கார்ப் பயணம் என்கிறாய். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு வேலை இருந்தால் வாத்தியாரைக் கூப்பிடு. வாத்தியாரும் வரமுடியாவிட்டால் இன்னொரு வாரம் தள்ளிப் போடு, கருவி எங்கேயும் ஓடாது. மாப்பிள்ளை போனில் பேசி வெகு நாளாயிற்று. முன்பெல்லாம் பேச்சின் நடுவில் உன் கையிலிருந்து போனை வாங்கிக்கொள்வார். நான் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன், நீ சொல்லும் வரை.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். நீ எதையும் முடித்த பிறகுதான் வீட்டுக்குச் சொல்வாய். கோட்டுவாத்தியத்தை விட்டதும் அப்படித்தான், அரங்கேற்றத்துக்குப் பேசிய பிறகு. பெரியப்பா வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். அப்போது உன் மேல் எனக்கு இருந்த கோபம் நீ விட்டதற்காக இல்லை, அத்தனை மாதம் நீ ஒருத்தியே அதைச் சுமந்ததற்காக. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் என்ன அடிக்கவா போகிறோம்? அப்புறம் இத்தனை வருடம் கழித்து, யாரும் சொல்லாமல், ஊர் பேர் தெரியாத இடத்தில் நீயே ஒரு வாத்தியாரைத் தேடிப் பிடித்து, இரவல் கருவியில் இரண்டு வருடம் பழகி, பத்துத் தந்தி, மூன்று பெடல், இரண்டு முழங்கால், இரண்டு கை என்று அத்தனையும் ஒன்றாக ஓட்டுகிறாய். எங்கள் வம்சத்தில் எவரும் செய்யாத காரியம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் வீடியோவைக் காட்டிவிட்டேன்.

தூக்குவதைப் பற்றித் திரும்பவும் எழுதுகிறேன். கருவியின் கால்களையும் பெடல் பாரையும் கழற்றினால் பெட்டிக்குள் போய்விடும், சின்னத் தள்ளுவண்டி ஒன்று வாங்கிக்கொள். சமதளத்துக்கு அது போதும். மாடிப்படிக்குப் போதாது. நீ புதிதாகப் பார்த்து வைத்திருக்கும் வீடு மூன்றாவது மாடி என்று அம்மாவிடம் வாய்தவறிச் சொன்னாயாமே. அம்மா என்னிடம் இரண்டு நாள் சொல்லவில்லை. எத்தனை அறை, யார் யார் என்று நான் கேட்கவில்லை. லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

பணம் எவ்வளவு குறைகிறது என்று சொல். கடனாக வேண்டாம், அட்டையிலும் போடாதே. உனக்கென்று எடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது, அதை எதற்கு எடுத்தாலும் நான் கணக்குக் கேட்கப் போவதில்லை. கருவிக்கு என்றாலும் சரி, வீட்டு முன்பணத்துக்கு என்றாலும் சரி, டிக்கெட்டுக்கு என்றாலும் சரி.

போய்ப் பார்ப்பதற்கு முந்தின நாள் போன் பண்ணு. இங்கே எத்தனை மணியாக இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: வால்யூம் பெடல், ஸ்டீல் பார், விரல் பிக் எல்லாம் விலையில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள். வால்யூம் பெடலை மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பாட் தேய்ந்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம், அதற்காக நல்ல கருவியை விட்டுவிடாதே.