காமராசர் படக்காட்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளன்று, எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் பெருந்தலைவர் காமராசரின் வாழ்க்கையைப் பதினெட்டுப் பலகைகளில் காட்சிக்கு வைத்தோம். அவற்றுள் ஒன்றுகூட என் தனி உழைப்பால் உருவாகவில்லை என்பதை ஊரறியச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தம் தந்தையார் சேர்த்து வைத்திருந்த நாளிதழ் நறுக்குகளைத் தகரப் பெட்டியோடு நம்பிக் கொடுத்த சகோதரர்கள் இருவருக்கும் முதல் நன்றி. கட்சிப் பணிக்காகத் தலைவர்கள் பதவி துறக்க வேண்டும் என்று தாமே வகுத்த திட்டத்தின்படி அவர் 1963 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகிய செய்தியும், 1975-இல் அதே நாளில் மறைந்த செய்தியும் அப்பெட்டியில் அடுத்தடுத்து இருந்தன.

நூலகர் ஐயா ஒவ்வொரு ஆண்டையும் சரிபார்த்தார். 1936-இல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரசின் தலைவராகவும் காமராசர் செயலாளராகவும் இருந்ததை மட்டும் நான் எழுதியிருந்தேன். 1940-இல் அந்த இடங்கள் மாறி, குருவே சீடரின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்றியதைச் சேர்க்கச் சொன்னவர் அவரே.

மதிய உணவுத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பள்ளியில் உண்ட மேலத்தெரு ஆச்சி, கூட்டத்தில் பேசக் கூச்சப்பட்டபோதும், சோறு கிடைக்கும் என்பதற்காகவே தம் தாயார் தம்மைப் பள்ளிக்கு அனுப்பினார் என்று அந்தப் பலகையருகே நின்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் எழுதியிருந்த எந்த வாசகத்தையும்விட அது வலிமையாக இருந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்குத் தனியாக நன்றி கூற வேண்டும். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் காமராசர் தோற்றதை, பிறந்த நாளில் எதற்கு என்று நான் விட்டுவிட நினைத்தேன். இரண்டு பிரதமர்களின் தேர்வில் முன்னின்ற தலைவர் அந்தத் தோல்விக்குப் பின்னும் பொதுவாழ்விலிருந்து ஒதுங்காமல், 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று வென்று மக்களவைக்குச் சென்றதைச் சொல்லாவிட்டால் அவர் வாழ்க்கையைப் பாதியில் நிறுத்தியதாகும் என்று ஆசிரியர் வாதிட்டு, அந்தப் பலகையைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். மாணவர்கள் நெடுநேரம் நின்று படித்தது அதைத்தான்.

பந்தலும் மேசையும் தந்தவர்களுக்கும், இரவெல்லாம் படங்களை ஒட்டிய இளைஞர்களுக்கும் என் வணக்கம். தகரப் பெட்டி, ஒரு நறுக்கும் குறையாமல், இந்த ஞாயிறன்று உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும்.

நன்றியுடன்,
படக்காட்சி ஒருங்கிணைப்பாளர்