தலைமுறைகள் கண்டதும் காணாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டு மருத்துவம் பற்றிய விவாதங்களில், 'தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வந்த மூலிகை கெடுதல் செய்யாது' என்ற வாதம் தவறாமல் எழுகிறது. அதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு மருத்துவ வரலாறே சாட்சி. இங்கிலாந்து மருத்துவரான வில்லியம் விதரிங், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி ரகசியமாகக் கொடுத்துவந்த, இருபது வகை மூலிகைகளுக்குக் குறையாத கலவையை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடி ஒன்றே என்று கண்டார். அத்தோடு நில்லாமல், அளவு சற்று மிஞ்சினாலும் நஞ்சாகிவிடும் அச்செடியை எவ்வளவு கொடுக்கலாம், எந்த அறிகுறி தென்பட்டதும் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம், பலன் கிடைக்காத நோயாளிகளின் விவரங்களையும் மறைக்காமல் சேர்த்து, 1785இல் நூலாக வெளியிட்டார். மூதாட்டியின் அறிவு அவருக்கு வழிகாட்டியது. அதை மருந்தாக்கியது இந்தக் கணக்குதான்.

ஆனால், பல தலைமுறை அனுபவத்துக்கும் எட்டாத தீங்குகள் உண்டு. தின்றவுடன் வாந்தி வந்தால் ஊரே அந்தச் செடியை ஒதுக்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதடைந்தால் அதற்கும் என்றோ குடித்த கஷாயத்துக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்? ஆடுதின்னாப்பாளை என்ற மூலிகைச் செடி அடங்கிய அரிஸ்டோலோக்கியா தாவரப் பேரினத்தில் உள்ள அமிலம் அத்தகைய தீங்கைச் செய்வது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகே, பல நாடுகளில் நெடுங்காலமாக மருந்தாக இருந்த இவ்வினத்தின் ஆபத்து பரவலாகத் தெரியவந்தது. அந்த அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது பின்னர் உறுதியானது.

மருத்துவர்கள் தரப்பிலும் குறை இருக்கிறது. மூலிகை என்றதுமே முகம் சுளிக்கும் மருத்துவரிடம் எந்த நோயாளியும் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வுக்காகப் பலர் தாமாகவே வாங்கி உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கடிந்துகொள்ளாமல் கேட்டாலே தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மூலிகைக் குறிப்புகளை வெளியிடும்போது தாவரவியல் பெயர், பயன்படும் பாகம், அளவு, கர்ப்பிணிகள் உட்பட யாரெல்லாம் தவிர்க்க வேண்டும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும். இவை கிடைக்காத குறிப்புகளை அச்சிடாமல் விடுவதே நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்