82 வயதில் அம்மா பார்த்த வள்ளி திருமணம்: ஒரு நன்றி மடல்

ராயபுரத்தில் 'வள்ளி திருமணம்' இசைநாடகத்தை நடத்திய கல்லூரி மாணவ மாணவியருக்கும், அன்று எங்களுக்குத் துணைநின்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

மதுரைப் பக்கத்தில் பிறந்து, திருமணமாகி வந்த நாள் முதல் தண்டையார்பேட்டையிலேயே வாழ்ந்துவரும் என் தாயாருக்கு இப்போது 82 வயது. ஊர்த் திருவிழாவில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகங்களைச் சாக்கு விரித்து அமர்ந்து பார்த்தவர் அவர். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தை இங்கே பிள்ளைகள் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், போயே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மூட்டு தேய்ந்து படியேற முடியாதவரை, நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய அந்த மாடி அரங்குக்கு எப்படி அழைத்துச் செல்வது என்று நான்தான் தயங்கினேன்.

கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற சாலையைத் தவிர்த்து, சந்து சந்தாகப் புகுந்து எங்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஆட்டோ ஓட்டுநருக்கு முதல் நன்றி. அடுத்த நன்றி, வள்ளியின் தந்தை நம்பிராஜனின் வேடர்களாக நடித்தவர்களுக்கு. முகத்தில் பூசிய அரிதாரம் காய்வதற்குள் இறங்கிவந்த அந்த நான்கு மாணவர்களும், அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். சாமி புறப்பாடு நடக்கிறதென்று படியில் நின்றவர்களிடம் அம்மாவே அறிவித்துக்கொண்டு போனார்.

வள்ளிக்கும் வேடன் உருவில் வந்த முருகனுக்கும் தர்க்கம் சூடுபிடித்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஆர்மோனியக்காரர் மட்டும் சுருதியை விடவில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நடிகர்கள் ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாடியது கடைசி வரிசைவரை சொல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று வள்ளியாகப் பரண்மேல் நின்ற மாணவி இருட்டிலேயே குரலை உயர்த்தியபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. எமர்ஜென்சி விளக்கோடு ஓடிவந்து, மின்சாரம் வரும்வரை மேடையோரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற கீழ்த்தளத்துத் தேநீர்க் கடைக்காரரை நாங்கள் மறக்க மாட்டோம்.

இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கியதில் பபூன் என்னும் கோமாளியின் காட்சியை அறவே நீக்கிவிட்டது எனக்குக் குறையாகவே பட்டது. அம்மாவோ, நாரதர் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் பாடினார் என்றார். நாடகம் முடிந்ததும் வேடம் கலைக்காமலே வந்து அருகில் அமர்ந்த வள்ளியிடம், "தர்க்கத்தில் நீ சிரிக்கக்கூடாது பாப்பா, சபைதான் சிரிக்கணும்" என்று அவர் சொல்ல, அந்தப் பெண் முகம் சுளிக்காமல் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு நன்றி.

தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் ஆலோலத்தைத் தம் ஊரில் வேறு மெட்டில் பாடுவார்கள் என்று அம்மா மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொள்ள விருப்பமிருந்தால் வாருங்கள். மாலை நேரங்களில் வீட்டில்தான் இருப்பார்.

இங்ஙனம்,
முன்வரிசை ஓரத்தில் அமர்ந்திருந்த அம்மாவின் மகன்