மாமாவின் கட்டைமீன்

ஈசூன், சிங்கப்பூர்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. பெர்த்தில் குளிர் தொடங்குவதற்குள் நடந்து பழகிவிடு. அப்புறம் போர்வையை விட்டு வெளியே வரமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா! இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்குக்கு மாறிவிட்டேன், வேறு வழியில்லை.

பங்குனி உத்திரத்துக்குப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போயிருந்தேன். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், நம் நேவல் பேஸில், இருந்த பழைய ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் காவடி நாள்தான் வழி. அன்னதான வரிசையில் நம் கிரேன்காரர் நின்றார். தொண்ணூறை நெருங்கிவிட்டார். காது மந்தம், வாய் மட்டும் மந்தமில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததுமே தான் பிடித்த கொடுவா மீனின் அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டார். நாம் சின்னப் பையன்களாகக் கேட்டபோது அந்தக் கொடுவா எட்டுக் காத்தி, இன்றைய கணக்கில் ஐந்து கிலோகூட வராது. பள்ளி முடிக்கும்போது பன்னிரண்டு காத்தி. இந்தப் பங்குனியில் இருபது கிலோவைத் தாண்டிவிட்டது. செத்த பிறகும் மீன் வளர்வது நம் ஆட்கள் வாயில்தான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். எடை மாறியதே தவிர மற்றது எதுவும் மாறவில்லை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். தண்ணீர் வற்ற ஆரம்பித்து ஒரு மணி நேரம். ஜெட்டி விளக்கின் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டை ஒட்டிக் கட்டையை, அதாவது மரத்தில் செதுக்கிய இரைமீனை, இழுக்க வேண்டும். கொடுவா இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சத்தில் ஓடுகிற இறாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னார், இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார். இன்று செம்பவாங் ஜெட்டியில் நிற்கிற எந்தப் பையனுக்கும் காசு பெறுகிற செய்தி இது. எடைதான் பொய், மச்சான். நீரும் நேரமும் பொய்யில்லை.

அதனால் எழுதி வைக்கும்போது எடையில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆமாம், எழுதத்தான் ஆரம்பித்திருக்கிறேன். இருபது கிலோ என்றால் இருபது கிலோவாகவே இருக்கட்டும். அதை வெட்டினால் சொல்கிறவருக்குச் சுருதி இறங்கிவிடும். சுருதி இறங்கினால் மற்றதையும் சொல்லமாட்டார்.

இதற்குத் தூண்டிவிட்டவன் என் பேரன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், மீன் பைத்தியம். நீர்த்தேக்கங்களில் குறித்துவிட்ட இடங்களில் மட்டும்தான் மீன்பிடிக்கலாம், அதுவும் செயற்கை இரையில்தான். புழுவோ ரொட்டியோ ஆகாது. எனவே கிராஞ்சி, லோவர் சிலேத்தார் என்று சுற்றுகிற இந்தப் பையன்கள் பெட்டி பெட்டியாக லூர் என்கிற செயற்கை இரைமீனை வாங்குகிறார்கள். ஒன்று இருபது வெள்ளி, முப்பது வெள்ளி. பீக்காக் பாஸ் மீன் வரும் என்று வீசுவது, தண்ணீருக்குள் கிடக்கிற மரக்கிளையில் மாட்டுவது, அறுத்துவிட்டு வந்து மறுபடி வாங்குவது. இதுதான் சனிக்கிழமை.

மாமா, உன் அப்பா, மரத்தில் செதுக்கி எனக்குக் கொடுத்த ஒரே ஒரு கட்டைமீன் இன்னும் என்னிடம் இருக்கிறது, தெரியுமா? அந்தப் போர்க்கப்பல் சாம்பல் நிறத்தது. நேவல் பேஸ் டாக்யார்டில் எந்தப் பெயின்ட் மிஞ்சியதோ அதைத்தான் அடித்தார். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கடல் நிறம், கீழிருந்து பார்த்தால் வான் நிறம். கடல் மீன்கள் பலவற்றுக்கும் இயற்கை அடித்த பெயின்ட் அதுதான். ராயல் நேவியும் மாமாவும் ஒரே கணக்கில் யோசித்திருக்கிறார்கள்.

அதைப் பேரன் எடுத்துப்போய் ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கொண்டுவந்துவிட்டான். பார்த்தால் அச்சு அசல். கண், வால், தகடு வைக்கும் வெட்டு எல்லாம் அப்படியே. தண்ணீரில் போட்டு இழுத்தால் மல்லாந்துகொண்டு வருகிறது! உள்ளே வெறும் காற்று, மச்சான். வடிவத்தை எந்திரம் பார்த்தது, வயிற்றுக்குள் இருக்கிற ஈயத்தைப் பார்க்கவில்லை. நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி, அடிவயிற்றில் மாமா ஒரு குழி தோண்டி ஈயம் வைப்பாரே, அதுதான் கட்டையை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. பையன் இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, துளை போட்டு ஈயக்குண்டு செருகிக் கொண்டுவந்தான். ஆட்டம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் "தாத்தா, அவர் வேறு என்னவெல்லாம் செய்தார்?" என்று கேட்டான்.

நான் முதலில் சொன்னது மாமா கதையில்லை, பேர்போன லூர் கம்பெனியான ரப்பாலாவின் கதை. ஏனென்றால் இந்தப் பையன்களுக்குக் கையால் செய்தது என்றாலே வசதியில்லாதவன் செய்தது என்று ஒரு நினைப்பு. அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ரப்பாலாவும் அப்படிப் பிறந்ததுதான். பின்லாந்தில் லௌரி ரப்பாலா என்ற மீன்பிடிகாரர் 1936-ல் தக்கையைக் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். கூட்டத்தில் தடுமாறி நீந்துகிற மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது என்பதை ஏரியில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அந்தத் தடுமாற்றத்தைக் கட்டைக்குக் கொடுத்தார். மாமா சிகரெட் டப்பா வெள்ளித்தாளையும் அம்மாவின் நகப்பூச்சையும் வைத்துச் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவருக்குப் பின்னாளில் ஃபேக்டரி வந்தது, மாமாவுக்கு நைட் ஷிஃப்ட்தான் இருந்தது. கேட்டுவிட்டுப் பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்போது மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் பிளாக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தளத்தில் உட்கார்கிறோம். கிரேன்காரரைப் பேரன்தான் டாக்சியில் அழைத்து வருகிறான். ஆரம்பத்தில் ஒருவன் போனை முகத்துக்கு நேரே நீட்டி, "ஐயா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்றான். அவ்வளவுதான், பெரியவர் கோயில் மேடையில் மைக் பிடித்ததுபோல் முன்னுரை பாட ஆரம்பித்துவிட்டார். போனை வாங்கி வைத்துவிட்டு, அவர் கையில் கத்தியையும் ஒரு துண்டு மரத்தையும் கொடுத்தேன். பேச்சு மாறிவிட்டது. கை செய்யும்போது வாய் தானாக உண்மை பேசும். படம் பிடிப்பவர்களுக்கு இப்போது ஒரே சட்டம்: முகம் வேண்டாம், கையைப் பிடி.

வாய்மொழி வரலாற்றுக்கு இங்கே 1979-லிருந்தே அரசாங்கப் பிரிவு ஒன்று இருக்கிறது, நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல ஒலிப்பதிவாக இருந்தாலும், தகட்டை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது காதால் கேட்டு வராது. முகத்தில் செருகுகிற அந்த அலுமினியத் தகடு உடலோடு நீட்டிப் படுத்தமாதிரி இருந்தால் கட்டை ஆழத்துக்குப் போகும். நிமிர்த்தி வைத்தால் மேல்மட்டத்திலேயே அகலமாக வாலாட்டிக்கொண்டு வரும். கட்டை வலப்பக்கம் ஓடினால் தூண்டில் நரம்பு கட்டுகிற கம்பி வளையத்தை இடப்பக்கம் துளி வளைக்க வேண்டும். துளி என்றால் எவ்வளவு? கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நிறுத்து என்பார் மாமா. பெரியவரும் அதையே சொன்னார். அந்தத் 'துளி'யை அவர் குறடு பிடித்த கையை அருகில் வைத்துப் படமாக எடுத்து வைத்திருக்கிறோம்.

சோதித்துப் பார்க்கத்தான் இடமில்லை. மாமா மழை விட்டதும் நம்மை லொங்காங்குக்கு, அந்தப் பெரிய வடிகாலுக்கு, கூட்டிக்கொண்டு போவாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் நிற்க, தண்ணீர் ஓடும். நரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், கட்டை அதே இடத்தில் நின்று நீந்திக் காட்டும். குனிந்து பார்த்து, எடுத்து, இழைத்து, மறுபடி விடுவார். இப்போது பையன்களை லொங்காங்கில் இறக்கினால் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மகன் வீட்டு காண்டோ நீச்சல்குளத்தில் விடிகாலையில், கொக்கியெல்லாம் கழற்றிவிட்டு, இழுத்துப் பார்க்கிறோம். காவலாளி நேபாளத்துக்காரர், முதலில் முறைத்தார், இப்போது அவரும் வந்து எந்தக் கட்டை நன்றாக ஆடுகிறது என்று சொல்கிறார்.

ஈயம் உருக்குவதை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாமா மண்ணெண்ணெய் அடுப்பில் தகர டப்பா வைத்து உருக்கியதை நாம் மூக்குக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தோம், கடவுள் காப்பாற்றினார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் அந்தப் புகை ஆகாது. கடையில் ஈயக்குண்டு கிடைக்கிறது, அது போதும்.

இப்போது நான் உன்னிடம் கேட்க வந்த விஷயம். தோடாக் கதை.

தோடாக் மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து வந்து சிங்கப்பூர்க் கரையில் ஆட்களைக் குத்திக் கொன்றதும், ராஜா ஆட்களைக் காலோடு கால் சேர்த்துச் சுவராக நிற்க வைத்ததும், ஒரு சின்னப் பையன் வந்து வாழைத்தண்டை வேலியாக வைக்கச் சொன்னதும் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மீன்களின் அலகு தண்டில் குத்தி மாட்டிக்கொண்டது, ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ளவன் நாளைக்கு ஆபத்து என்று ராஜா அந்தப் பையனையே கொன்றுவிட்டார். அந்த ரத்தத்தில் சிவந்த குன்றுதான் புக்கிட் மேரா. எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மாமா நிறுத்தமாட்டார். கதை முடிந்ததும் டாக்யார்டு நைலான் கயிற்றில் ஒரு சாண் வெட்டி, முடியைப் போலப் பிரித்து, நரம்பில் கட்டி நம் கையில் கொடுப்பார். கொக்கி கிடையாது. நம் ஊர்க்காரர்கள் முரல் என்கிற அந்த மீனின் அலகு எலும்பு, கொக்கி ஏறாமல் வழுக்கும். ஆனால் அலகு முழுக்க ஊசி ஊசியாகப் பல். பிரித்த நைலானைக் கடித்தால் பல்லில் சிக்கி, தானே மாட்டிக்கொள்ளும். வாழைத்தண்டு செய்த வேலையைக் கயிறு செய்கிறது. ராஜா கதையிலிருந்து தூண்டில் செய்தாரா, தூண்டிலுக்காக ராஜா கதையைச் சொன்னாரா, அது மாமாவுக்கே வெளிச்சம்.

பையன்களுக்கு நான் கயிற்றைக் காட்டினேன், பிடித்தும் காட்டினேன். ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றில் கட்டிப் பார்த்தான் ஒருவன், அது பிய்ந்துவிடுகிறது, நைலான்தான் சரி. ஆனால் கதையை மாமா சொன்ன மாதிரி என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனை அவர் நேவல் பேஸ் பையனாகவே ஆக்கிவிடுவார். ராஜாவுக்கு ஃபோர்மேன் குரல் கொடுப்பார். நடுவில் ஒரு மலாய்ப் பாட்டு வரும், அதில் இரண்டு வரிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. உனக்கு முழுதும் வரும். அதை உன் குரலில் போனில் பேசி அனுப்பு. வெட்கப்படாதே, திருத்தாதே, சுருக்காதே. உன் மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கட்டும்.

அப்புறம் மாமாவின் கட்டைமீன் பெட்டி. "இங்கே யாருக்கு வேண்டும், தூக்கிப் போடலாமா என்று பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். மச்சான், உதைப்பேன். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் பக்கவாட்டிலும் அடியிலும் படம் எடு. சமையலறைத் தராசில் நிறுத்து கிராம் எழுது. வாளித் தண்ணீரில் விட்டு எவ்வளவு மூழ்கி நிற்கிறது என்று பென்சிலால் கோடு போடு. உடைந்ததை ஒட்டாதே; உடைந்த இடத்தில்தான் உள்ளே கம்பி எப்படிப் போகிறது என்று தெரியும். இதையெல்லாம் பேரன்தான் கேட்கச் சொன்னான், எனக்கு இவ்வளவு யோசனை ஏது.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, அப்போது பெட்டியையும் கொண்டு வா. கைப்பையில் வைத்துவிடாதே, அத்தனையும் மூன்று முனைக் கொக்கி, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டிக்குள், துணியில் சுற்றி வை. மாத்திரைகளை மட்டும் கையில் வைத்துக்கொள்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்