உறுப்புகளின் பெயர்ப் பட்டியல் அல்ல உடலியங்கியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலைப் பற்றி வரும் அறிவியல் கட்டுரைகள் பலவற்றில் உடற்கூறியலே இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. இதயத்துக்கு நான்கு அறைகள், சிறுநீரகம் அவரை விதை வடிவம் என்று விவரித்துவிட்டு, அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உறுப்புகள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் உடலியங்கியல் அதற்குள் அடங்காது.

ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். கடும் உடற்பயிற்சியில் இது 20 லிட்டர் வரை போகும். எந்த நரம்பு, எந்த ஹார்மோன் அதைக் கூட்டுகிறது, பயிற்சி நின்றதும் எது குறைக்கிறது என்பதே இத்துறையின் கேள்வி. ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி வாதிட்டதிலும் இப்படியொரு கணக்கு உண்டு: அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் அவ்வளவு ரத்தமும் உண்ட உணவிலிருந்து புதிதாக ஊறியிருக்க முடியாது.

மூச்சையே எடுத்துக்கொள்வோம். ஒரு மூச்சில் உள்ளே போவது சுமார் 500 மி.லி. காற்று. அதில் 150 மி.லி. மூச்சுப்பாதையிலேயே நின்றுவிடும், நுரையீரலின் காற்று நுண்ணறைகளை எட்டாது. நிமிடத்துக்கு 12 மூச்சு விடுபவருக்கு மொத்தம் 6,000 மி.லி. போய், 4,200 மி.லி. பயன்படுகிறது. இன்னொருவர் 200 மி.லி. அளவில் மேலோட்டமாக 30 தடவை மூச்சு விடுகிறார். மொத்தம் அதே 6,000தான். ஆனால் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேர்வது வெறும் 1,500. கரியமில வாயு தேங்கி, ரத்தத்தின் பி.எச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 7.35-க்குக் கீழே இறங்கத் தொடங்கும். மூச்சு வேகமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது; ஆழத்தையும் பார்க்க வேண்டும்.

வயிற்றுப்போக்கின்போது குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலும் இந்த அறிவியல் தந்த கொடைதான். சிறுகுடல் சுவரில் ஒரே கடத்துப் புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுக்கிறது, நீர் பின்தொடர்கிறது. 1960-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த வழியை முன்வைத்தார். காலராவிலும் இது அடைபடுவதில்லை. 1 லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 1 லிட்டருக்கான அந்தப் பொடிப் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் கரைசல் ரத்தத்தைவிட அடர்த்தியாகிவிடும். உடலின் நீரையே குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும், ரத்தத்தில் சோடியமும் ஏறும். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தாலும் இதே சிக்கல்தான். நீர் கூடிப்போனால் சோடியம் போதாது.

தாவரமும் இத்துறைக்குள் வரும். இலைத்துளையின் காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் அயனிகள் புகுந்தால் நீரும் கூடவே புகும். செல்கள் விறைத்துத் துளை திறக்கும். குடலில் பார்த்த அதே விதி! நரம்புச் செல்லின் மின்னழுத்தம், மலையுச்சியில் உடல் பழகுவது, விண்வெளியில் எலும்பு மெலிவது எல்லாம் இதன் எல்லைக்குள்தான்.

இவ்வளவையும் கோத்து நிற்பது தன்னிலை காத்தல், அதாவது உடல் தன் உள்நிலையை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொள்வது என்னும் கருத்து. செல்களைச் சூழ்ந்த திரவத்தின் நிலைத்தன்மையை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியங்கியலாளர் குளோட் பெர்னார் வலியுறுத்தினார். 1920-களில் அமெரிக்க உடலியங்கியலாளர் வால்டர் கேனன் அதை விரித்துரைத்தார். எது அளக்கிறது, எது திருத்துகிறது, எப்போது திருத்த முடியாமல் போகிறது என்று கேட்கத் தெரிந்தால் பெரும்பாலான நோய்களின் போக்கு புரிந்துவிடும்.

நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். பற்றி எழுதும்போதெல்லாம் நீரின் அளவையும் அதன் காரணத்தையும் சேர்த்தே அச்சிடுங்கள். ரத்தச் சர்க்கரை போன்ற எண்களுக்கு அலகையும், வெறும் வயிற்றில் எடுத்ததா, உண்ட பின்பா என்பதையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்